மூன்றில் ஒரு பங்கு

எமரால்டு கடைத்தெரு பேக்கரியில்
அணை கட்டுமுன் வரைந்த வரைபடத்தை விரித்தோம்.
அதில் தண்ணீரே இல்லை.
தீவு இருக்கவேண்டிய இடத்தில்
ஒரு சின்ன மேடு, பொடி எழுத்தில் உயரம்.
வர்க்கியின் எண்ணெய் பட்டு
மேட்டைச் சுற்றி ஒரு வட்டம் ஊறியது.
"ஏரி வந்துருச்சு" என்றான் பெள்ளிராஜ்.

மே மாதம் என்றால் நடந்தே போகலாம்,
சேறு முழங்கால் வரைதான்.
ஆடியில் நாலு நாள் விடாமல் அடித்தால்
அது தீவு.
இந்த வருஷம் தீவாகிப் பதினெட்டு நாள்.
உச்சியில் நட்ட மழைமானி
பதினேழு நாளாகப் பேசவில்லை.
பேட்டரியாக இருக்கும். இல்லை, எலி.
மழையேகூட இருக்கலாம்.

கிளாடியஸ் மணப்பாட்டுக்காரர்.
மலைக்கு மாற்றலாகி ஆறு வருஷமாகியும்
இரண்டு பனியன் போடாமல் வெளியே வராதவர்.
"ரெண்டு கிலோமீட்டர்தானே அண்ணா,
உங்களுக்கு இதெல்லாம் ஒரு தண்ணியா?"
அவர் சிரிக்கவில்லை.
"கடல் சொல்லிட்டு அடிக்கும் மேடம்.
இது கிண்ணம்.
காத்து எந்தப் பக்கம் திரும்பும்னு
மலைக்கே தெரியாது.
அங்க விழுந்தா சாயங்காலம் வரைக்கும் மிதப்பேன்.
இங்க, இந்தக் குளிர்ல,
கால் மணி நேரத்துல
என் கை என் பேச்சைக் கேக்காது."

பிறகு பெட்ரோல்.
போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு,
என்னவென்று தெரியாததற்கு ஒரு பங்கு.
என்ஜின் மேல் எழுதிய பதினைந்து குதிரைச் சக்தி
கடற்கரைக் காற்றில் அளந்தது.
இந்த உயரத்தில் காற்றே இளைத்தது;
மூன்று குதிரைகள் மூச்சு வாங்கிப் பின்தங்கிவிடும்.
பன்னிரண்டு என்று எழுதினேன்.

துடுப்பு இரண்டு. விசில்.
நீர் இறைக்கப் பெயிண்ட் டப்பா.
பம்ப் ஹவுஸைத் தாண்டினால்
செல்போன் வெறும் கைக்கடிகாரம்.

பெள்ளிராஜ் பென்சிலை வாங்கி
தண்ணீருக்குள் நிற்கும் சீகை மொட்டைகளுக்கு
ஒவ்வொன்றாகப் பெருக்கல் குறி போட்டான்.
எப்படித் தெரியும் என்றேன்.
"இதுமேலதான் மே மாசம் சட்டை காயப்போட்டேன்."

ஆறரைக்குக் கிளம்ப வேண்டும்.
பதினொன்றுக்குக் காற்று எழும்,
ஒன்பதரைக்குள் திரும்பிவிட வேண்டும்.
கரையிலிருந்து பார்த்துத் தீவு தெரியாவிட்டால்
அன்றைக்குத் தீவு இல்லை.

கடைசியாக எடை.
பேட்டரி இருபத்தெட்டு. கருவிப்பெட்டி பதினொன்று.
கிளாடியஸ் அறுபத்தொன்று, பெள்ளிராஜ் ஐம்பத்தெட்டு.
நான்,
கொஞ்சம் யோசித்து,
எழுபத்தொன்பது என்று உண்மையையே எழுதினேன்.

கிளாடியஸ் இரண்டு தரம் கூட்டிப் பார்த்தார்.
"பன்னெண்டு குதிரைக்கு இது பாரம்.
படகு எழும்பாது, உழும்.
மூணுல ஒருத்தர் கரையில நிக்கணும்."
இருவரும் வர்க்கித் தட்டையே பார்த்தார்கள்.

இந்தப் படகுக்காக
மூன்று கடிதம் எழுதியவள் நான்.
வாங்கிய ரெயின்கோட்டில்
விலைச்சீட்டை இன்னும் கிழிக்கவில்லை.

'கரையில் இருப்பவர்' என்று எழுதி
என் பெயரைப் போட்டேன்.
அதன் கீழே
'ஒன்பதரைக்கு வராவிட்டால்.'
சிக்னல் கிடைக்கும் வளைவுக்கு
ஜீப்பில் பதினோரு நிமிஷம்.
ஊட்டியிலிருந்து வண்டி வர ஐம்பது.
கால் மணி நேரம் என்று அவர் சொன்னதை
எந்த வரியில் எழுதுவது என்று தெரியவில்லை.

பேக்கரிக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கினார்.
வரைபடத்தை மடித்தேன்.
காலையில் படகுத்துறையில் விரித்தபோது
எண்ணெய் வட்டம் மடிப்பின் மறுபக்கமும் பதிந்து
இரண்டு தீவாகியிருந்தது,
ஒன்று
நான் நின்ற கரையின் மேல்.